இருபத்தெட்டு டிகிரி

ஹாஸ்டலில் வார்டன் கண்டுபிடித்துவிட்டாராம்.
ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில்
நிரோஷினி அதைக் கொண்டுவந்தாள்,
சாம்பார் டப்பாவில், மூடியில் நான்கு ஓட்டை.
சாயங்கால பஸ்ஸுக்கு அவள் போய்விட்டாள்.
அது போகவில்லை.

ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு.
பச்சை. காதோரம் ஒரு சிவப்புக் கோடு,
கணக்கு நோட்டில் யாரோ அடித்துத் திருத்தினாற்போல.
இவ்வளவுதான் வளரும் என்று சொல்லி விற்றிருக்கிறான்
உக்கடத்துக் கடைக்காரன்.
கீழ் லைன் கம்பவுண்டர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்:
சோத்துத் தட்டு அளவுக்கு வரும்மா,
முப்பது வருஷம் கெடக்கும்.
எனக்கு நாற்பத்தொன்பது.
கூட்டிப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டில் இந்த வீட்டையே
கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

தண்ணி இருபத்தெட்டு டிகிரி இருக்கணும்மா
என்கிறாள் போனில்.
கோத்தகிரியில் ஜனவரி.
விடியற்காலை குழாயைத் திறந்தால்
தண்ணீருக்கு முன்னால் ஓர் இருமல் வரும்.

பெள்ளி கடையில் அறுபது வாட் குண்டு பல்பு கேட்டேன்.
'இப்ப யாருக்கா அதெல்லாம் எரிக்கிறாங்க?
எல்இடி வாங்கிட்டுப் போங்க, சூடே ஆகாது.'
சூடுதான் வேணும் என்றேன்.
ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார்.
பிறகு ஸ்டூல் போட்டு ஏறி
தூசியோடு ஒன்றே ஒன்றை இறக்கி
வேட்டி நுனியில் துடைத்துத் தந்தார்.

பதினாறு வருஷமாக ட்ரையர் வாயில் நிற்கிறேன்.
நூறு டிகிரியில் இலை என்ன பேசும் என்று தெரியும்.
தீய்வதற்குக் கொஞ்சம் முன்னால் எழும் வாடையை
தூக்கத்தில்கூடப் பிடித்துவிடுவேன்.
இந்த இருபத்தெட்டு
என் விரலுக்குப் பிடிபடாத சூடு.
சுடாது, குளிராது.
கை வைத்ததே தெரியாமல் இருந்தால்
சரியாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

வெயில் எங்கள் லைனுக்குப் பத்தேகாலுக்கு வரும்.
சில்வர் ஓக் நிழல் ஒவ்வொன்றாக விலக விலக
பேசினை நகர்த்துகிறேன்,
நைட் ஷிப்ட் முடிந்த கண்ணோடு.
கல்லின்மேல் ஏறி ஒரு காலை நீட்டி
அது பாட்டுக்குக் காய்கிறது.
எனக்கும் ஒரு கல் போட்டால் தேவலை.

சாப்பிடவில்லை. நாலு நாளாக.
தீனி மிதந்து, ஊறி, பிய்ந்து
தண்ணீரைக் கலக்கியதுதான் மிச்சம்.
கண்ணைத் திறக்கவும் இல்லை.
'சாப்பிட்டுச்சா?' காலையில் ஒரு வாய்ஸ் மெசேஜ்,
'சாப்பிட்டுச்சாம்மா?' ராத்திரி ஒன்று.
நான் சாப்பிட்டேனா என்று
இரண்டு வருஷத்தில் எத்தனை முறை கேட்டாள்
என்று எண்ணவில்லை. எண்ணுவதற்கு இல்லை.

வியாழக்கிழமை மரம் விழுந்து
சாயங்காலத்திலிருந்து கரண்ட் போனது.
பல்பு செத்த கண்ணாய்த் தொங்கியது.
தண்ணீரில் கை வைத்தேன், தெரிந்தது.
அதே சாம்பார் டப்பா.
ஸ்வெட்டருக்குள், ஜாக்கெட்டுக்கு மேலே.

பேக்டரியில் ஜெனரேட்டர் உண்டு.
ட்ரையருக்குப் பக்கவாட்டில், சாக்கு மடித்து,
எட்டு அடி தள்ளி வைத்தேன். சூடு.
பத்து அடி. பன்னிரண்டு.
புறங்கையால் காற்றைத் தொட்டுத் தொட்டு
ஒன்றும் தெரியாத இடத்தில் நிறுத்தினேன்.
'என்னக்கா, சோறா?' என்று குனிந்தார் ஜோகி மேஸ்திரி.
மூடியைத் திறந்தேன்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார், ஏனோ.
'லாட் நம்பர் போட்டாச்சா?' என்றார்.

மூன்றாவது சார்ஜ் இறங்கும்போது
கண் திறந்திருந்தது. கடுகளவு.
என் டிபனிலிருந்து வேகவைத்த முட்டையின் வெள்ளையை
நகத்தில் கிள்ளி நீட்டினேன்.
கொடுக்கலாமா கூடாதா என்று யாரைக் கேட்க?
கழுத்தை நீட்டி, யோசித்து,
முட்டையை விட்டுவிட்டு
நகத்தைக் கடித்தது.

அந்த நேரத்தில், ஒரு நிமிஷம் பிந்தி
இலை தீய்ந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவை.
ஜோகி பார்த்தார். எழுதிக்கொள்ளவில்லை.

ஆறு மணிக்கு வெளியே வந்தேன்.
புல்லெல்லாம் உப்புப் பூத்த மாதிரி உறைபனி.
மிதிக்க மிதிக்க நொறுங்கியது.
ஸ்வெட்டருக்குள் டப்பாவைப் பிராண்டுகிறது.
பட்டன் என்று பெயர் வைத்திருக்கிறாள்.
எனக்கு அது வாயில் வரவில்லை.
ஏய் என்றேன்.
பிராண்டல் நின்றது.
நான் நடக்க ஆரம்பித்ததும்
மறுபடி.